ஜன்னல் இல்லாத கேபினில் முதல் நாள்

"கப்பல் எங்கேடி?" என்று கேட்டாள் அம்மா. நாங்கள் நின்றுகொண்டிருந்ததே கப்பலுக்கு நேர் எதிரில்தான். முனையத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முன்பக்கமும் தெரியவில்லை, பின்பக்கமும் தெரியவில்லை. வரிசை வரிசையாகப் பால்கனி வைத்த வெள்ளைச் சுவர் மட்டும் நிற்கிறது. ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பு என்று நினைத்துவிட்டாள்.

ஏழு இரவு உல்லாசக் கப்பல் பயணம். எடுத்தது ஜன்னல் இல்லாத உள் கேபின், அதிலும் 'கியாரண்டி' வகை. அதாவது வகையை மட்டும் நாம் தேர்ந்தெடுப்போம்; அறை எண்ணை நிறுவனம் பிறகு ஒதுக்கும். அப்படி எடுத்ததற்கு விலை குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அந்தக் கஞ்சத்தனம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கப்பல் ஏறும் ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் விவரம், புகைப்படம் எல்லாம் வீட்டிலேயே கப்பல் நிறுவனத்தின் செயலியில் ஏற்றியாகிவிட்டது. எங்களுக்கு ஒதுக்கிய நேரம் பகல் 12:30. பெரிய பெட்டிகளை வாசலிலேயே போர்ட்டர்களிடம் கொடுத்துவிட்டு, ஸ்கேனரைத் தாண்டி, கவுன்டரில் முகம் காட்டி, கப்பலுக்குள் கால் வைக்க முக்கால் மணி நேரம்தான் ஆனது. ஆனால் கேபின் உடனே கிடைக்காது. அன்று காலையில்தான் போன பயணத்தின் கூட்டம் இறங்கியிருக்கும். அவர்கள் படுத்த படுக்கையை எல்லாம் மாற்றியாக வேண்டும். எங்களுக்கு இரண்டு மணிக்கு விட்டார்கள். அதுவரை நடு லிஃப்டுகளின் பக்கம் போகவே முடியவில்லை. எல்லாருக்கும் மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரே நேரத்தில் போக வேண்டும். அம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு படி ஏறவும் வழியில்லை. கப்பலின் பின்கோடியில் இன்னொரு லிஃப்ட் வரிசை இருப்பதையும், அங்கே ஈ, காக்கை இல்லை என்பதையும் இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தோம்.

கேபின் சுமார் 150 சதுர அடி. சின்னதுதான், ஆனால் மூளையோடு கட்டியிருக்கிறார்கள். காலி சூட்கேஸ்கள் கட்டிலுக்கடியில் போய்விடும். சுவர் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். தொப்பி, கைப்பை, ஈரத்துணி எல்லாவற்றையும் அதில் மாட்டினோம். ஒட்டிப் போட்டிருந்த கட்டிலைப் பிரித்துத் தரச் சொன்னதும் அறைப் பணியாளர் பத்தே நிமிடத்தில் இரண்டாக்கிக் கொடுத்தார், முகத்தில் சுளிப்பே இல்லை. குளியலறைக்கு ஒரு நிலைப்படி உண்டு. வயதானவர்கள் தடுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிப்பறை காற்றால் உறிஞ்சும் வகை. பொத்தானை அழுத்தினால் வருகிற 'டமார்' சத்தத்தில் அம்மா வெளியே ஓடி வந்துவிட்டாள்.

இனி அந்தப் பெட்டி விவகாரம். ஒன்று நாலு மணிக்கே கதவருகில் வந்துவிட்டது. இன்னொன்றைக் காணவில்லை. அதில்தான் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை. கையில் வைத்துக்கொள் என்று அவள் இரண்டு முறை சொல்லியும் பெட்டியில் திணித்தது நான்தான். ஆறு மணி, ஏழு மணி. வரவேற்பு மேசையில் வரிசையில் நின்று கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது: நான் உள்ளே வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் தடுக்கும் பாகம்) இருந்ததால் பெட்டியைப் பாதுகாப்புப் பிரிவு நிறுத்தி வைத்திருக்கிறது. கீழ்த்தளத்து அறை ஒன்றில் என்னைப் போல ஏழெட்டுப் பேர் அசட்டுச் சிரிப்போடு பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒருவரிடம் இஸ்திரிப் பெட்டி, இன்னொருவரிடம் மெழுகுவத்தி.

தடை சரியானதுதான். கப்பலின் மின்சுற்று வீட்டு மின்சுற்றைப் போன்றது அல்ல. நியூட்ரல், எர்த் எல்லாம் நம் வீட்டு முறையில் இருப்பதில்லை. வீட்டுக்குச் செய்த சர்ஜ் புரொடெக்டர் அதில் சூடேறித் தீப்பிடிக்கலாம். பயணச்சீட்டு விதிகளிலேயே எழுதியிருக்கிறது, படிக்காதது என் தப்பு. ஆனால் உணவகச் சலுகைக்கு நாலு முறை அறிவிப்பு அனுப்பிய செயலி, 'உங்கள் பெட்டி எங்களிடம் இருக்கிறது' என்று ஒரு வரி அனுப்பியிருக்கக் கூடாதா? மாத்திரை கைக்கு வந்தபோது மணி 7:40.

பாதுகாப்புப் பயிற்சி எளிது. செயலியில் காணொளி பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் நாம் கூட வேண்டிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. இப்போது கப்பல் கிளம்புமுன், அல்லது கிளம்பிய உடனே நடத்த வேண்டும். "ஏழு சின்ன ஊதல், ஒரு பெரிய ஊதல்" என்று அபாயச் சங்கின் கணக்கை அம்மா திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

கஞ்சத்தனத்தின் பலன் மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வந்தது. எங்களுக்குக் கிடைத்த அறைக்கு நேர் மேலே நீச்சல்குளத் தளம். சாய்வு நாற்காலிகளைக் கழுவி, இழுத்து, வரிசையாகப் போடும் சத்தம் அப்படியே தலைக்குள் இறங்கியது. கூடப் பணம் போனாலும் சரி, அடுத்த முறை தளவரைபடத்தைப் பார்த்து நானே எண் எடுப்பேன். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற, கப்பலின் நடுப்பகுதியில் தாழ்வான தளத்து அறையாக எடுப்பேன். ஆட்டமும் அங்கேதான் குறைவு.

உள் கேபினை மட்டும் மாற்ற மாட்டேன். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு, அப்படி ஒரு தூக்கம். பொழுது விடிந்ததா என்று தெரிந்துகொள்ளத் தொலைக்காட்சியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் சேனலைச் சத்தமில்லாமல் வைத்துவிட வேண்டும். நாற்காலிச் சத்தத்தில் நான் எழுந்தபோது அம்மா அதன்முன் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் கடல் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கமா ஜன்னல் வச்சிருந்தா இதைத்தானே பார்ப்போம்?" என்றாள்.

எங்கள் கேபின் பின்பக்கம் என்பதை நான் சொல்லவில்லை.