மேப்பிள் இலை கார்டுக்கு ஸ்டாம்பா, டையா?

கனடால தேங்க்ஸ்கிவிங், அதாவது அறுவடைக்கு நன்றி சொல்ற பண்டிகை, அக்டோபர் ரெண்டாவது திங்கக்கிழமையே வந்துடும், அதனால செப்டம்பர் கடைசிக்குள்ள கார்டு செஞ்சு போஸ்ட் பண்ணியாகணும். வருஷா வருஷம் ஒரு 25 கார்டு பண்றேன். ஆரம்பத்துல எனக்கும் இதே குழப்பம்தான், ஸ்டாம்ப் வாங்குறதா, டை-கட் மெஷின் வாங்குறதா? கடைசில ரெண்டையும் வாங்கி கையச் சுட்டுக்கிட்டேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஸ்டாம்ப்ங்கிறது தாசில்தார் ஆபீஸ் சீல் மாதிரிதான், இங்க்ல தொட்டு அழுத்துறது. டைங்கிறது பிஸ்கட் மாவு வெட்டுற அச்சு மாதிரி, ஆனா மெல்லிசான ஸ்டீல் தகடு. பேப்பர் மேல வச்சு ரெண்டு பிளாஸ்டிக் பிளேட்டுக்கு நடுவுல கொடுத்து கைப்பிடியச் சுத்துனா, மெஷின்ல கரும்பு நசுங்கிப் போற மாதிரி அந்தப் பக்கம் வரும், இலை தனியா கழண்டுடும்.

இலையுதிர் காலத்து (ஃபால்) கார்டுக்கு என் ஓட்டு ஸ்டாம்புக்குத்தான். காரணம் கலர். கீழ விழுந்த ஒரு மேப்பிள் இலைய எடுத்துப் பாருங்க, நரம்பு ஓரம் பச்சை மிச்சம் இருக்கும், நடுவுல மஞ்சள், நுனில சிவப்பு. டைல வெட்டுனா பேப்பர் என்ன கலரோ அதுதான் இலை. ஸ்டாம்புல, டிஸ்ட்ரெஸ் இங்க் மாதிரி தண்ணி பட்டா ஓடுற இங்க் இருந்தா போதும், மொதல்ல மஞ்சள முழுசா தட்டிட்டு, ஓரத்துல ஆரஞ்சு, நுனில மட்டும் செங்கல் கலர் தொட்டு, மேல ஒரே ஒரு தடவ தண்ணி ஸ்ப்ரே பண்ணி வாட்டர்கலர் பேப்பர்ல அழுத்துனா மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடி ஒவ்வொரு இலையும் வேற வேற மாதிரி வரும். திரும்ப இங்க் தொடாம அதே ஸ்டாம்ப இன்னொரு தடவ அழுத்துங்க, வெளிறிப்போய் தூரத்துல கெடக்குற இலை மாதிரி இருக்கும், பேக்ரவுண்டுக்கு அதுவே போதும்.

ஸ்டாம்புலயே கிளியரா (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக்) ரப்பரான்னா, கிளியர்ல எங்க விழுதுன்னு பாத்து அழுத்தலாம், புதுசுல மட்டும் இங்க் முத்து முத்தா நிக்கும், பென்சில் அழிக்கிற ரப்பரால லேசா தேய்ச்சா சரியாகிடும். சிவப்பு ரப்பர்ல அந்தத் தொல்லை இல்ல, நரம்பெல்லாம் கூர்மையா விழும்.

அப்போ டை எதுக்கு? மேப்பிள் இலையக் கத்திரிக்கோலால வெட்டிப் பாருங்க, தெரியும். அத்தன முனை, பத்தாவது இலைல விரல் கழண்டுடும். ஆனா மெஷினே விலை ஜாஸ்தி, டை தனிக்காசு, பிளேட்ட அப்பப்போ திருப்பிப் போடலன்னா அப்பளம் மாதிரி வளஞ்சிடும். நரம்பெல்லாம் ஓட்டையா இருக்கிற டைய மட்டும் வாங்காதீங்க, அதுல சிக்குன துண்டுகள ஊசியால குத்திக் குத்தி எடுத்தே ஒரு ராத்திரி போச்சு எனக்கு.

இன்னொண்ணு போஸ்டேஜ். கனடா போஸ்ட்ல சாதா லெட்டருக்கு 5 மில்லிமீட்டர் கனம்தான், எடை 30 கிராம் தாண்டுனா தபால்தலைக் காசு ஏறும். டை-கட் இலைகள ஃபோம் டேப் வச்சு மூணு அடுக்கு தூக்கி ஒட்டி ரொம்பப் பெருமையா எடுத்துட்டுப் போனேன், கவுண்டர்ல இருந்த அம்மா அளவு அட்டைல இருக்கிற ஓட்டைக்குள்ள கவர விட்டாங்க, போகல. அன்னிக்கு 12 கார்டுக்கும் எக்ஸ்ட்ரா காசு. இங்க் ஸ்டாம்புல அச்சடிச்ச கார்டுக்கு இந்தக் கவலையே கிடையாது.

ஸ்டாம்பும் அதுக்கு அளவெடுத்த டையும் சேர்ந்த செட்டும் கிடைக்குது, நல்லாத்தான் இருக்கு, ஆனா டை துளி நகந்தா ஒரு பக்கம் வெள்ளைக்கோடு தடிச்சு நிக்கும். பெயிண்டர்ஸ் டேப்பால ஒட்டிட்டு மெஷின்ல விடுங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஒரு இலை ஸ்டாம்ப் செட், மூணு இங்க், ஸ்டாம்ப ஒட்டிப் பிடிச்சுக்க ஒரு அக்ரிலிக் பிளாக் வாங்குங்க. லெட்டர் சைஸ் கார்டுஸ்டாக்க (தடிச்ச பேப்பர்) குறுக்கால ரெண்டா வெட்டி மடிச்சா ரெண்டு கார்டு. என் மெஷின் இப்போ அலமாரி மேல, இட்லி குக்கர் பக்கத்துல உக்காந்திருக்கு, வருஷத்துல ஒரு தடவ இறங்கும்.