அவரா, அவளா, அதுவா? ஆதியாகமம் 3:15

பழைய தமிழ் பைபிள் படிச்சு வளர்ந்தவங்களுக்கு ஏதேன் தோட்டத்துல கடவுள் பாம்பைச் சபிச்சு, அதோட வித்துக்கும் ஸ்திரீயோட வித்துக்கும் பகை உண்டாக்குவேன்னு சொல்ற இந்த வசனத்துல ஒரு சிக்கல் இருக்குன்னே தெரியாது. "அவர் உன் தலையை நசுக்குவார்"னு இருக்கும், அவர்னா இயேசு, முடிஞ்சுது. ஆனா கத்தோலிக்க வீடுகள்ல இருக்குற மாதா சுரூபத்தைப் பாருங்க, பாம்பு மாதா காலடியில கிடக்கும். அதுக்கும் இதே வசனம்தான் காரணம்.

மூல மொழியான எபிரேயத்துல அந்த 'அவர்' இடத்துல இருக்குறது 'ஹூ', ஆண்பால். முன்னாடி வர்ற 'ஸெரா', அதாவது வித்து, அதுவும் ஆண்பால்தான், ஒரு பிள்ளையையும் சொல்லலாம் மொத்த வம்சத்தையும் சொல்லலாம், அந்த மொழியில அஃறிணைன்னு தனியா ஒண்ணு கிடையாது, அதனால அவன், அது ரெண்டுமே பொருந்தும்.

'அவள்' எங்கேருந்து வந்துச்சு? பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தால 'இப்சா', அதாவது 'அவள்'னு இருக்கு, மொழிபெயர்த்த ஜெரோமே போட்டாரா இல்ல பிரதி எடுத்தவங்க கைவேலையான்னு இன்னும் சண்டை. இத்தனைக்கும் மோசேயோட அஞ்சு புஸ்தகத்துல அவன், அவள் ரெண்டையும் பெரும்பாலும் ஒரே மூணு எழுத்துலதான் எழுதியிருக்காங்க, உயிர்க்குறி வச்சாதான் பிரிக்க முடியும், அப்போ 'அவள்'னு படிச்சா என்னன்னு கேக்கலாம். ஆனா பக்கத்துல நிக்குற வினைச்சொல் விடாது. 'யெஷூஃப்கா', முதல் எழுத்து யோத், ஆண்பால். பெண்பால்னா அங்க தாவ் இருந்திருக்கணும். ஒரு எழுத்துல கதை முடிஞ்சுது. கத்தோலிக்கத் திருச்சபை திருத்தி வெளியிட்ட 1979 லத்தீன் பைபிள் நோவா வுல்காத்தாலயே 'இப்சும்', அதாவது 'அது'ன்னு மாத்திட்டாங்க. (கரவாஜியோ 1605-06ல வரைஞ்ச படத்துல பாம்பு மேல மாதா கால், அதுக்கு மேல குழந்தை இயேசு கால். ரெண்டு கட்சியும் ஹேப்பி!)

மிச்சம் அவனா அதுவா. பழைய ஏற்பாட்டோட பழங்கால கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த்ல வித்துங்குற சொல் நபும்சகம், அதாவது ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, ஆனா பிரதிப்பெயர் மட்டும் 'ஆவ்தோஸ்', ஆண்பால், இலக்கணப்படி இடிக்குது. எபிரேயத்தை அப்படியே கொண்டுவந்ததால இருக்கலாம், இல்ல ஒரு ஆளை மனசுல வச்சே போட்டிருக்கலாம். ஆதியாகமம் 15:13ல ஆபிரகாமோட மொத்த சந்ததியைப் பத்திப் பேசும்போது எபிரேயத்துல 'அவங்க'ன்னு பன்மைக்குப் போயிடுது, இங்க ஒருமையிலயே நிக்குது, அதனால என் ஓட்டு 'அவன்' பக்கம்தான். கத்தோலிக்கரோட திருவிவிலியம் "அவள் வித்து"ன்னு பெயரையே போட்டு நழுவிடுது, அதுவும் கெட்டிக்காரத்தனம்தான்.

'அவர்'ங்குற மரியாதை மட்டும்தான் எனக்கு நெருடுது. 2 சாமுவேல் 7:13ல அதே ஸெரா, அதே ஹூ, பேச்சு சாலொமோனைப் பத்தி. அங்க அதே பழைய தமிழ் பைபிள் "அவன்"னுதான் போடுது.