இயக்குநருக்கு எது காப்பு: கம்பெனி எழுதித் தரும் ஒப்பந்தமா, காப்பீட்டு பாலிசியா?

கம்பெனியின் இயக்குநர் குழுவில் சேரக் கூப்பிடுபவர்கள் "வழக்கு வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். சரி, எழுத்தில் இருக்கிறதா? நிறுவன விதிகளில் ஒரு வரி இருந்தால் போதாது, அதைப் பின்னால் மாற்றிவிடலாம். வழக்குச் செலவையும் இழப்பீட்டையும் கம்பெனி ஏற்கும் என்று உங்கள் பெயரில் தனி ஒப்பந்தம் இருந்தால் உங்கள் சம்மதம் இல்லாமல் கைவைப்பது கஷ்டம். அதில் நான் முதலில் தேடுவது "முன்பணம்" என்ற சொல்லைத்தான். வக்கீல் பில் மாதாமாதம் வரும், தீர்ப்பு வர வருஷக்கணக்கில் ஆகும், ஜெயித்த பிறகுதான் தருவோம் என்றால் அதற்குள் வீட்டை அடகு வைக்க வேண்டியதுதான். (தோற்றால் திருப்பித் தருவதாக நீங்களும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.)

ஆனால் கம்பெனியே திவாலானால்? அங்கேதான் பாலிசி, அதாவது இயக்குநர்கள் மீது வரும் வழக்குகளுக்காகக் கம்பெனி எடுக்கும் காப்பீடு. 'சைடு ஏ' என்ற பகுதி, கம்பெனி தர முடியாதபோது இயக்குநருக்கு நேரடியாகப் பணம் தரும். சிக்கல் என்னவென்றால், பொதுவாக தவறு நடந்த வருஷம் அல்ல, உங்கள் மீது வழக்கோ இழப்பீட்டுக் கோரிக்கையோ வந்த நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். பதவி விலகியவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். பாலிசி தரும் தொகையின் உச்சவரம்பும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது, வக்கீல் செலவும் அதிலேயே கழியும்.

மோசடி நிரூபணமானால் இரண்டுமே கைவிடும். ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால், பணவசதியுள்ள கம்பெனியில் ஒப்பந்தம், தள்ளாடும் கம்பெனியில் பாலிசி.