பழைய லாரியின் ஆண்டைக் கணித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்

கைவிடப்பட்ட பழைய லாரி ஒன்றை வாங்கி, அது எந்த ஆண்டு வண்டி என்று அறிந்துகொள்வதற்காக, அதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கட்டணம் செலுத்தி ஏமாந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் எந்த முறையில் தவறான ஆண்டைச் சான்றிதழாக எழுதித் தந்தார் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதே முறையை நாளை வேறொருவர் உங்களிடமும் கையாளலாம்.

டயர்கள் மண்ணில் புதைந்து, கொடி படர்ந்து கிடந்த அரை டன் பிக்கப் லாரி அது. பானட்டின் மேலிருந்த பெயர்ப்பட்டை காணாமல் போயிருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் தூணில் அடையாளத் தகடு இருந்த இடத்தில் துளைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. உரிமையாளரின் வாரிசுகளிடம் முறைப்படி எழுதி வாங்கினேன் என்றாலும், அவர்களிடமும் பழைய ஆவணம் எதுவும் இல்லை. 17 எழுத்துகள் கொண்ட வண்டி எண் அமெரிக்காவில் 1981 மாடல்களிலிருந்துதான் ஒரே சீராக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி எண் இட்டுக்கொண்டது. ஆகவே இவ்வளவு பழைய வண்டியில் தகடும் போய்விட்டால், உடலையும் இயந்திரத்தையும் பார்த்துத்தான் ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் அனுப்பிய இருபதுக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு, "1947 செவர்லே, அட்வான்ஸ் டிசைன் வரிசையின் முதல் ஆண்டு, மூல எஞ்சினுடன்" என்று அவர் சான்றிதழ் தந்தார். அட்வான்ஸ் டிசைன் என்பது செவர்லே 1947இல் கொண்டுவந்த லாரி வரிசையின் பெயர். செவர்லே என்பது சரிதான். செவர்லேயைப் போலவே ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த, அதே கேபினைக் கொண்ட ஜிஎம்சி லாரியின் முகப்புக் கிரில் வேறு மாதிரி இருக்கும். என் வண்டியில் செவர்லேயின் ஐந்து கிடைமட்டப் பட்டைகள் தெளிவாக இருந்தன. ஆனால் அதே கிரில்லை அவர் 1947க்கும் சான்றாகக் காட்டியிருந்தார். அந்த ஐந்து பட்டைக் கிரில் 1947 நடுப்பகுதியிலிருந்து 1953 வரை மாறவே இல்லை. ஆண்டைப் பொறுத்தவரை அது எதையும் நிரூபிப்பதில்லை.

அவருடைய இரண்டாவது சான்று எஞ்சின் பிளாக்கில் புடைத்து நின்ற "டி (D) 14 7" என்ற வார்ப்புக் குறி. ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்புகளில் முதல் எழுத்து மாதத்தையும், நடு எண் தேதியையும், கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் குறிக்கும். ஆங்கில அகரவரிசையின் முதல் பன்னிரண்டு எழுத்துகளும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள். எனவே அந்தக் குறி ஏப்ரல் 14 என்று சொல்கிறது. ஆண்டு 7இல் முடிகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. 1947ஆகவும் இருக்கலாம், 1957ஆகவும் இருக்கலாம். இந்த ஐயத்தை அவர் சான்றிதழில் ஒரு வரியாகக்கூடக் குறிப்பிடவில்லை. தொழில் தெரிந்த ஒருவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1947 வண்டி என்றால் 216 கன அங்குல எஞ்சின் என்று கொண்டு, அதற்குரிய பிஸ்டன்களையும் ஹெட் கேஸ்கெட்டையும் தருவித்தேன். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பைக் கழற்றியதுமே வேலையை நிறுத்திவிட்டு என்னை அழைத்தார். 216 எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகளில், வெள்ளை உலோகம் என்ற மென்மையான கலவை பேரிங்காக உருக்கி வார்க்கப்பட்டிருக்கும்; இங்கே இருந்தவையோ கழற்றி மாற்றக்கூடிய பேரிங் ஷெல்கள். சிலிண்டரை அளந்தபோது, 216இன் மூன்றரை அங்குலத்துக்குப் பதிலாக 3.5625 அங்குலம் இருந்தது. அது 235 எஞ்சின். பெரிய லாரிகளுக்காக 1941 முதலே 235 தயாரிக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் பழைய 235களிலும் வெள்ளை உலோகம்தான் இருந்தது. லாரிகளுக்கான 235இல் பேரிங் ஷெல்லும், எண்ணெயை அழுத்தத்துடன் பேரிங்குகளுக்குச் செலுத்தும் முழு அழுத்த ஓட்டமும் 1954இல் வந்தவை. ஆகவே குறியில் இருந்த 7 என்பது 1957. எவரோ ஒருவர் பிற்காலத்தில் எஞ்சினை மாற்றியிருக்கிறார். நான் வாங்கிய பிஸ்டன்களில் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

அதன் பிறகுதான் வண்டியை நானே உட்கார்ந்து பார்த்தேன். கதவுகளில் திறந்து மூடும் சிறு முக்கோணக் கண்ணாடி இருந்தது. அது 1951இல் வந்தது. வெளிக் கைப்பிடியில் அழுத்தும் பொத்தான் இருந்தது. 1952க்கு முன் கைப்பிடியைக் கீழே திருப்பித்தான் திறக்க வேண்டும். கதவுகளை எளிதில் மாற்றிவிடலாம் என்பதால் அவற்றை மட்டும் நம்பக் கூடாது என்று எண்ணி, கேபினைக் கவனித்தேன். பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் வாய் கேபினின் பக்கவாட்டில், கதவுக்குப் பின்னால் திறந்தது. 1947, 1948 வண்டிகளில் அந்த வாய் பின்பெட்டியின் பக்கத்தில் இருக்கும். முன்கண்ணாடி நடுவில் கம்பியுடன் இரண்டாகப் பிரிந்திருந்தது. 1954இல் அது ஒரே வளைந்த கண்ணாடியாகிவிட்டது. இவை அனைத்தும் நான் அனுப்பிய படங்களிலேயே தெரிந்தன. கேபின் 1949க்கும் 1953க்கும் இடைப்பட்டது என்பதைச் சொல்ல எவருக்கும் சான்றிதழ் தேவையில்லை.

பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் கூட்டில் படிந்திருந்த மண்ணைச் சுரண்டியபோது, பதினோராம் மாதத்துக்குரிய எழுத்தும் 2 என்ற கடைசி இலக்கமும் கிடைத்தன. இந்த இலக்கத்துக்கும் அதே ஐயம் உண்டு. ஆனால் எஞ்சினின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டை மூடிய குழாய் இன்னும் அப்படியே இருந்தது. 1955 மார்ச்சில் வந்த புதிய வரிசையில் அரை டன் வண்டிகளுக்கு அந்தக் குழாய் கிடையாது என்பதால் 1962 விலகிவிடுகிறது. 1942க்கு அந்தக் கேபினே வரவில்லை. 1952 நவம்பரில் வார்த்த கூடு என்றால், வண்டியை 1953 மாடல் என்று கொள்வதே பொருத்தம் என்று கருதுகிறேன். அச்சும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவை அனைத்தையும் படங்களுடன் எழுதி அனுப்பிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் மறுப்பும் சொல்லவில்லை, ஒப்பவும் இல்லை. இன்னும் ஒரு கட்டணம் செலுத்தினால், 1947க்குரிய எண் பொறித்த புதிய அடையாளத் தகட்டைச் செய்து அனுப்புவதாகவும், அதைத் தூணில் அடித்துவிட்டால் எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றும் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் நடந்தது கவனக்குறைவு அல்ல என்று எனக்கு உறைத்தது. வண்டியின் அடையாள எண்ணைப் போலியாக உருவாக்குவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். மாட்டிக்கொள்பவர் தகட்டைச் செய்தவராக இருக்க மாட்டார், வண்டியை வைத்திருப்பவராகத்தான் இருப்பார். நான் மறுத்துவிட்டேன். அதன் பிறகு அவரிடமிருந்து பதில் இல்லை.

இப்படி ஒரு சான்றிதழ் உங்கள் கையில் இருந்தால், உதிரி பாகம் எதையும் தருவிப்பதற்கு முன் ஆயில் சம்பைக் கழற்றிப் பாருங்கள். தகடு செய்து தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்தக் கடிதத்தை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். என்னிடம் வந்த கடிதத்தை, வண்டியைப் பதிவு செய்யக் கொடுத்த விண்ணப்பத்துடன் இணைத்து ஒப்படைத்திருக்கிறேன். ஆண்டுக்கான கட்டத்தில் "1953 எனக் கருதப்படுகிறது, மூலத் தகடு இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.