பாலாற்றுத் தண்ணீரைச் சுவரில் ஓடவிட்ட கண்காட்சி

வேலூரில் ஓவிய மாணவர்களும் பொறியியல் மாணவர்களும் சேர்ந்து நடத்தும் டிஜிட்டல் கண்காட்சி, கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடுவைகளில் வைத்து சென்சார் போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும் இல்லையா, அந்த அளவுக்கு ஏற்றபடி சுவரில் ஒளிக்காட்சியாக ஓடும் ஆறு நிறம் மாறுகிறது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற இந்தியத் தர அளவை ஒரு கோடாகப் போட்டிருப்பது பிரமாதம், எண்களைப் பார்த்துப் பழகாதவருக்கும் உடனே புரிகிறது.

ஒரு குறை. இந்தப் பக்கத்துத் தண்ணீரைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம் மாவட்டத்து விவகாரம், அதை மூலையில் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம், கிணறு கெட்டுப்போன விவசாயிகளையும் கூப்பிட்டுப் பேசவைக்க வேண்டும்.