ஓ.எல் முடித்த பிள்ளைக்கு புது டெப்பா, பழைய டெஸ்க்டொப்பா?

கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எதை வாங்கலாம் என்றால், டெப்தான் லேசு: கரண்ட் போனாலும் ஓடும், சிம் போட்டால் இன்டர்நெட், யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிக்கலும் அதுதான். எல்லாம் தானாக நடப்பதால், டவுன்லோட் பண்ணின பிடிஎஃப் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். ஐபோனிலும் ஐபேடிலும் ஃபோல்டர்களைத் திறந்து பார்க்கிற 'ஃபைல்ஸ்' செயலியே 2017இல்தான் வந்தது.

பழைய டெஸ்க்டொப் இடம் பிடிக்கும், சத்தம் போடும், விண்டோஸ் 10க்கான வழமையான சப்போர்ட்டும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதனால் 11 ஏறுமா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதத்தை வாட்ஸப்பில் ஒட்டி, அது ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து, ஏன் என்று தேடிப்போகிற பிள்ளைக்கு, அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது, தமிழுக்கென்றே தனி இடம் வைத்திருக்கிற யூனிகோட் அப்படியில்லை என்பது விளங்கிவிடும். டெப்பில் இதற்குச் சந்தர்ப்பமே வராது (தமிழ் அடிக்கிற வேகத்தில் டெப் பிள்ளைகளை மிஞ்ச முடியாது, அதையும் சொல்ல வேணும்).

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் டெஸ்க்டொப்தான் வாங்குவேன். போன் எப்படியும் கைக்கு வந்துவிடும். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க யூபிஎஸ் ஒன்றுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.