பிரான்ஸில் கிராவல் பைக் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் காப்பீட்டு வரியைப் படியுங்கள்

பிரான்ஸின் பர்கண்டிப் பக்கம் கிராவல் பைக் (மண், சரளைப் பாதைக்கென்றே செய்த சைக்கிள்) ஓட்டப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, சொக்க வைக்கிற ஊர். சைக்கிள் வாடகை, ஹோட்டல், பைகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஜிபிஎக்ஸ் வழித்தடம் (ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிப் பின்தொடரும் கோப்பு) என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி விற்ற கம்பெனியைப் பற்றித்தான் பேச வந்தேன். விவகாரம் நுகர்வோர் மத்தியஸ்தரிடம் இருப்பதால் பெயர் போடவில்லை. பெயர் தெரியாமலேயே இந்தத் தந்திரத்தை நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்: அவர்கள் கொடுத்த வழியில் போனால் சைக்கிள் உடையும், உடைந்தால், அந்த வழியில் போனது உங்கள் குற்றம் என்று டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

பாரிஸில் வேலை பார்க்கும் நானும் நண்பனும் அக்டோபரில் கிளம்பினோம். பெர்சி ஸ்டேஷனில் ரயிலேறினால் ஒஸெர். அங்கிருந்து நிவெர்னே கால்வாய்க் கரையோரமாகவே கிளாமெசி வரை போகலாம், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் யோன் ஆறு, எதிர்க்கரைச் சரிவுகளில் இரான்சியின் திராட்சைத் தோட்டங்களும் செர்ரி மரங்களும். சோசுவா பாறையில் ஆட்கள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். மதகுகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான சின்ன வீடுகள் வழியெங்கும். சமதளம், நல்ல பாதை. இந்தப் பகுதிக்கு எவருடைய பேக்கேஜும் தேவையில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதை எல்லோருக்கும் பொது, வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன, சைக்கிள்காரர்களை வரவேற்கும் ‘அக்கேய் வெலோ’ முத்திரை உள்ள தங்குமிடங்களை நாமே பதிவு செய்துகொள்ளலாம்.

சைக்கிளை ஒஸெர் ஹோட்டல் வாசலில் வேனில் வந்து இறக்கிவிட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். விளம்பரத்தில் 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர் என்று இருந்தது. வந்த டயரின் பக்கச் சுவரில் 35 என்று அச்சிட்டிருந்தது. அங்கேயே கேட்டேன். “கால்வாய்க்கு இதுவே அதிகம், மெஸ்ஸியூ” என்று பதில். பஞ்சர் பையில் இருந்த டியூபோ ரோடு சைக்கிளுக்கானது, 28 மில்லிமீட்டர் டயருக்கு மேல் ஆகாது. செயின் கழற்றும் கருவி இல்லவே இல்லை. கேட்டதற்கு, 24 மணி நேர உதவி எண் இருக்கிறதே என்றார்கள்.

கிளாமெசியிலிருந்து வயல்கள் வழியாக வெஸெலே, அங்கிருந்து பஸோஷ், லோர்ம் என்று மோர்வான் காட்டுக்குள் ஏறுகிறது வழி. அந்தக் காலத்தில் மோர்வான் விறகைத்தான் ஆற்றில் மிதக்கவிட்டுப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். கிளாமெசி அந்தத் தொழிலில் வளர்ந்த ஊர். மர வியாபாரம் இன்னும் ஓயவில்லை, இப்போது டக்ளஸ் ஃபிர் மரங்களை நட்டு, வளர்ந்ததும் ஒரே வீச்சில் வெட்டி, லாரியில் ஏற்றுகிறார்கள். வெட்டிய இடத்தில் கனரக வண்டிகள் போய் வந்தால் பாதை என்று ஒன்று மிஞ்சாது. போன வருடம் எடுத்த வழித்தடமே இந்த வருடம் செல்லாமல் போகலாம். எங்களுக்குக் கொடுத்ததோ யாரும் ஓட்டிப் பார்த்த தடமே அல்ல.

அதை எப்படிச் சொல்கிறேன் என்றால், ஜிபிஎக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். சைக்கிளில் போய்ப் பதிவு செய்த தடமாக இருந்தால் பொதுவாக ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும். கம்ப்யூட்டரில் கோடு இழுத்ததென்றால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அவ்வளவுதான். எங்களுடையதில் நேரம் இல்லை. நேரத்தை அழித்துவிட்டும் கொடுக்கலாம் என்பதால் அது மட்டும் சாட்சியாகாது. ஆனால் லோர்மைத் தாண்டியதும் அந்தக் கோடு ஒரு பள்ளத்துக்குள் இறங்கி, வெட்டிப்போட்ட கிளைக் குவியல் நடுவே நேராகப் போனது. “மச்சான், இது ரோடே இல்லடா” என்று நண்பன் நின்றுவிட்டான். முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத் தடங்கள், உள்ளே தண்ணீர். தள்ளிக்கொண்டுதான் போனோம். அப்படியும் பெருவிரல் தடிமனுள்ள ஒரு கிளை பின்சக்கரத்தில் சிக்கி, ஆரங்களோடு சுற்றி, டீரெய்லரை (கியர் மாற்ற செயினை நகர்த்தும் பாகம்) இழுத்து மடக்கியது. ‘டக்’ என்று ஒரு சத்தம். டீரெய்லரை ஃபிரேமோடு சேர்க்கும் ஹேங்கர் இரண்டாக ஒடிந்துவிட்டது. ஃபிரேமுக்குச் சேதம் வராமல் தான் ஒடிவதற்கென்றே செய்த அலுமினியத் துண்டு அது. ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் அதன் வடிவம் மாறும். கிராமத்துக் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும், அன்று திங்கள்கிழமை. பிரெஞ்சுச் சிற்றூர்களில் திங்களன்று கடை திறந்திருந்தால் அதிசயம்.

உதவி எண்ணில் பதிவு செய்த குரல்தான் பேசியது. வெள்ளை ஷரோலே மாடுகளுக்குத் தண்ணீர் வைக்க வந்த ஒரு விவசாயி, ஒன்றும் கேட்காமல் சைக்கிள்களைத் தூக்கி வேனில் போட்டு லோர்மில் இறக்கிவிட்டார். பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. மாலையில் கம்பெனி கூப்பிட்டது: சைக்கிளை நீங்களே அவலோன் ஹோட்டலுக்குக் கொண்டுவந்து விடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். டாக்சிக்கு 80 யூரோ.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், அடுத்த வாரம் மின்னஞ்சல். டெபாசிட்டுக்காகக் கார்டில் பிடித்து வைத்திருந்த 1,500 யூரோவில் 640 யூரோவை எடுத்துக்கொண்டார்கள். டீரெய்லர், ஹேங்கர், பின்சக்கரம், ‘ஃபிரேம் கீறல்’, கூலி. சக்கரம் நேராகத்தான் இருந்தது. அவலோனில் விடும்போது சுற்றவிட்டு வீடியோ எடுத்திருக்கிறேன். ஹேங்கர் 30 யூரோ சமாச்சாரம். நாங்கள் தனியாகக் காசு கொடுத்து எடுத்த சேதக் காப்பீட்டைக் கேட்டால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்து வரியைக் காட்டினார்கள்: தார் போட்ட சாலை, பராமரிக்கப்படும் பசுமைப் பாதை (மோட்டார் வண்டிகள் போகாத பாதை) இவற்றுக்கு வெளியே நேரும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. மண் பாதைக்கென்றே செய்த சைக்கிளை வாடகைக்கு விட்டு, மண் பாதையிலேயே வழி போட்டுக் கொடுத்து, மண் பாதைக்குக் காப்பீடு இல்லை என்கிறார்கள்! தலையில் மிளகாய் அரைப்பது என்றால் இதுதான்.

இன்னொரு விஷயம், இது பணத்தைவிடப் பெரிய தலைவலி ஆகியிருக்கும். அதே தடம் சங்கிலி போட்டு ‘தனியார் சொத்து’ என்று பலகை மாட்டிய ஒரு காட்டுப் பாதைக்குள்ளும் போகச் சொன்னது. நாங்கள் சுற்றிக்கொண்டு போனோம். 2023 பிப்ரவரியில் வந்த சட்டப்படி, இப்படி எல்லை குறித்த தனியார் காட்டுக்குள்ளோ வயலுக்குள்ளோ அனுமதியின்றி நுழைந்தால் 135 யூரோ அபராதம். வரைபடத்தில் பாதை இருக்கிறது என்பதால் அது பொதுப் பாதை ஆகிவிடாது. ‘ஷெமான் ரூரால்’ என்றால் ஊராட்சியுடையது, போகலாம். ‘ஷெமான் தெக்ஸ்ப்ளுவாத்தாசியோன்’ என்றால் பக்கத்து நிலக்காரர்களுடையது, அவர்கள் மூடலாம். இலையுதிர் காலத்தில் வேட்டை வேறு. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய, ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) என்ற பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பேக்கேஜ் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சீஸ் கடைகளைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம்.

போவதென்றால், பணம் கட்டும் முன் மின்னஞ்சலில், தொலைபேசியில் அல்ல, இதைக் கேளுங்கள்: இந்தத் தடத்தை உங்கள் ஆள் கடைசியாக எந்த மாதம் ஓட்டினார்? நீங்கள் கொடுக்கும் தடத்தில் நேரும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா? சைக்கிளைத் திரும்ப வாங்கும்போது உங்கள் ஆள் வந்து, என் முன்னால் பார்த்து, கையெழுத்துப் போடுவாரா? ஹோட்டலில் விட்டுவிட்டுப் போங்கள் என்பது கேட்க வசதியாகத்தான் இருக்கும்; ஆள் இல்லாத இடத்தில் எந்தக் கீறலும் உங்கள் கீறல்தான். இந்திய கார்டு வைத்திருப்பவர்கள், டெபாசிட்டைப் பிடித்து மட்டும் வைக்கிறார்களா, உண்மையிலேயே எடுத்துத் திருப்புகிறார்களா என்றும் கேளுங்கள். எடுத்துத் திருப்பினால் நாணய மாற்றில் இரண்டு முறை அடி விழும். இணையத்தில் வாங்கியதற்கு 14 நாள் அவகாசம் உண்டே என்று நம்பி இருக்காதீர்கள், தேதி குறித்துப் பதிவு செய்த பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அது பொருந்தாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஒப்புகையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். பிரான்ஸில் நுகர்வோருக்கு விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு நுகர்வோர் மத்தியஸ்தரைக் காட்ட வேண்டும், நமக்குச் செலவில்லை. ‘சிக்னல்கான்சோ’ என்ற அரசுத் தளத்திலும் புகார் போடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ‘கான்சிலியாத்தர் த ஜுஸ்தீஸ்’ எனும் சமரசம் செய்து வைப்பவரிடம் போகலாம், அதுவும் இலவசம். 5,000 யூரோவுக்கு உட்பட்ட விவகாரம் என்றால் நீதிமன்றம் போகும் முன் இப்படியொரு சமரச முயற்சி செய்திருக்கவும் வேண்டும். எங்கள் தபால் போனதும் கீறலுக்கும் சக்கரத்துக்கும் எடுத்த 290 யூரோ சத்தமில்லாமல் கணக்குக்கு வந்துவிட்டது. மீதியை மத்தியஸ்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன், அப்போது பெயரையும் போடலாமா என்று வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்.